பருப்புச் சாதத்திலும் புரதம் இருக்கிறது, பூனைக்கு ஏன் போதாது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2024 செப்டம்பரில் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்த பிறகு, ஈசூனில் உங்கள் புளோக் கீழ்த்தளத்தில் திரிந்த பூனை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, உரிமமும் எடுத்துவிட்டீர்கள். உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சைவம். பருப்புச் சாதம், தயிர், பனீர் என்று எதை வைத்தாலும் பூனை தின்கிறது. மருத்துவர் மட்டும் இது ஆகாது என்கிறார். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் படிக்கும் மகளோ, “எந்தப் புரதமானாலும் குடலில் அமினோ அமிலங்களாகத்தானே உடைகிறது? அது கோழியிலிருந்து வந்தால் என்ன, துவரம்பருப்பிலிருந்து வந்தால் என்ன? நாயும் நாமும் சமாளிக்கிறோமே, பூனைக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?” என்கிறாள்.

மகள் கேட்டது அருமையான கேள்வி. குடலைத் தாண்டும்வரை அவள் சொல்வது முழுக்கச் சரி. பருப்பிலிருந்து வந்த லைசின் என்ற அமினோ அமிலத்துக்கும் ஆட்டிறைச்சியிலிருந்து வந்த லைசினுக்கும் இம்மியும் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. அமினோ அமிலங்களை நாம் தசை கட்டும் செங்கலாக மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் விலங்கின் உடல் அவற்றை வைத்து வைட்டமின் செய்கிறது, பித்த உப்பு செய்கிறது, ஹார்மோன் செய்கிறது, ரத்தத்தின் சிவப்பைச் செய்கிறது, பட்டினி நேரத்தில் சர்க்கரையும் செய்துகொள்கிறது. எந்த விலங்கால் எதைச் செய்ய முடியும் என்பது அதன் கல்லீரலிலும் குடலிலும் எந்த நொதி (என்சைம்) எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. தானே செய்ய முடிந்தால் அந்தப் பொருள் உணவில் வர வேண்டியதில்லை. செய்ய முடியாவிட்டால் அதுவே அந்த விலங்குக்கு அத்தியாவசியச் சத்து. பூனை பல இடங்களில் இந்த இரண்டாம் பக்கம் நிற்கிறது. மருத்துவர் மறுப்பதற்குக் காரணம் இதுதான்.

நியாசினை எடுத்துக்கொள்வோம், கதையும் சுவையானது. இது பி தொகுதி வைட்டமின். வைட்டமின் என்றாலே உணவிலிருந்துதான் வர வேண்டும் என்று படித்திருப்போம். ஆனால் நம் உடல் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நியாசினின் வேலையைச் செய்யும் பொருளைத் தானே தயாரிக்கும். சராசரியாக 60 மில்லிகிராம் டிரிப்டோஃபேனுக்கு 1 மில்லிகிராம் நியாசின் கிடைப்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சிக்கனமான மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உயிர் காத்திருக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, புத்தி தடுமாறும். தொற்றுநோய் என்றே பலர் நம்பினார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் அதை ஆராய்ந்து, உணவுக் குறைபாடுதான் என்று காட்டினார். பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்தால் நோய் வரவில்லை. 1937இல் கான்ராட் எல்வேஜெமின் குழு, நாய்களுக்கு வரும் இதே போன்ற கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், குணப்படுத்துகிறது என்று கண்டது. அப்போது ஒரு புதிர் மிஞ்சியது. பாலில் நியாசின் மிகக் குறைவு, பிறகு எப்படி அது பெலாக்ராவைத் தடுத்தது? விடை 1945இல் கிடைத்தது: எலிகளுக்கு நியாசினுக்குப் பதிலாக டிரிப்டோஃபேன் கொடுத்தாலே போதுமாக இருந்தது. பால் புரதத்தில் டிரிப்டோஃபேன் தாராளம், மக்காச்சோளப் புரதத்தில் பஞ்சம்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. தக்காணத்தில் சோளம் (மக்காச்சோளம் இல்லை, ஜோவார் எனப்படும் வேறு தானியம்) உண்பவர்களிடம் பெலாக்ரா தென்பட்டது. சோளத்தில் டிரிப்டோஃபேன் அப்படியொன்றும் குறைவில்லை. ஹைதராபாத்தில் பணியாற்றிய சேலத்துக்காரர் சி. கோபாலனும் அவருடைய சகாவும் 1960இல் ஒரு விளக்கம் சொன்னார்கள்: சோளத்தில் லூசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் மிகுதி, அது டிரிப்டோஃபேனிலிருந்து நியாசின் உருவாகும் பாதையைக் குலைக்கிறது என்று. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஆனால் எவ்வளவு இருக்கிறது என்பதோடு கூட எது வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்ற அவர்களுடைய பார்வை எனக்குப் பிடிக்கும். தீவனத் துறையில் தினமும் பார்க்கும் சங்கதி அது.

சரி, பூனைக்கு வருவோம். பூனைக்கும் டிரிப்டோஃபேன் பாதை இருக்கிறது. முக்கால் தூரம் நம்மைப் போலவேதான் போகிறது. அங்கே நிலையில்லாத ஓர் இடைப்பொருள் உருவாகும். அதைச் சும்மா விட்டால் தானாகவே சுருண்டு மூடி, நியாசின் பக்கம் போய்விடும். அந்தத் திருப்பத்துக்கு நொதி எதுவும் தேவையில்லை, கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும். பூனையின் கல்லீரல் அந்த நேரத்தைத் தருவதில்லை. அந்த இடைப்பொருளைப் பிடித்து வேறு வழியில் தள்ளிவிடும் நொதி ஒன்று அங்கே எலியைவிடப் பல மடங்கு வேகமாக வேலை செய்கிறது. தள்ளப்பட்டது பெரும்பாலும் எரிந்து சக்தியாகிறது. ஆகவே பூனைக்கு எவ்வளவு பனீர் கொடுத்தாலும் அதிலிருக்கும் டிரிப்டோஃபேன் நியாசினாக மாறி உதவாது, நியாசினாகவே கொடுத்தாக வேண்டும். வாத்துக்கும் ஓரளவு இதே நிலைமைதான். கோழித் தீவனத்தை அப்படியே போட்டு வளர்த்தால் வாத்துக்குஞ்சுகளின் கால்கள் வளைந்துபோவது பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்.

நியாசினாவது எளிதில் சமாளிக்கக்கூடியது. உங்கள் பூனையைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது டாரினுக்கு.

டாரின் சற்று விசித்திரமான பொருள். 1827இல் காளையின் பித்தத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். அமினோ அமிலக் குடும்பத்தில் சேர்த்தாலும் புரதத்துக்குள் அது கோக்கப்படுவதில்லை, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் தனியாக மிதந்துகொண்டிருக்கும். பெரும்பாலான பாலூட்டிகள் அதைத் தாமே செய்துகொள்ளும். வழி இதுதான்: மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் தன் கந்தகத்தை செரின் என்ற இன்னொன்றிடம் ஒப்படைக்கிறது, அதனால் சிஸ்டீன் என்ற மூன்றாவது அமினோ அமிலம் பிறக்கிறது. சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமடைந்து, பிறகு ஒரு கரியமில வாயு மூலக்கூறை இழந்து டாரின் ஆகிறது. இந்தக் கடைசிக் கட்டங்களைச் செய்யும் இரண்டு நொதிகளும் பூனையில் மிக மந்தம். சிஸ்டீன் வேறு பக்கங்களுக்குப் போய்விடுகிறது. அவற்றில் ஒன்று நீங்கள் மூக்கால் அறிந்தது. ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது, அதுவும் சிஸ்டீனிலிருந்து செய்யப்படுவதுதான். கீழ்த்தளத் தூணருகே அடிக்கும் அந்த நாற்றத்துக்கு மூலம் அதுவே. விதைநீக்கம் செய்தால் ஃபெலினின் வெகுவாகக் குறைந்துவிடும்.

வரவு இப்படிக் குறுகியிருக்க, செலவோ நிற்பதில்லை. கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்த அமிலங்களோடு கல்லீரல் ஏதாவது ஒரு துணையைச் சேர்த்து அனுப்ப வேண்டும். மனிதர்களிடம் கிளைசின் என்ற அமினோ அமிலமும் அந்த வேலையைச் செய்கிறது, டாரின் குறைந்தால் கிளைசினை வைத்துச் சமாளிக்கலாம். பூனைக்கு டாரினை விட்டால் வேறு துணை கிடையாது. பித்தத்தோடு குடலுக்குப் போகும் டாரினில் ஒரு பகுதியைக் குடல் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆக ஒவ்வொரு நாளும் கசிவு.

இதன் விளைவு என்ன என்பதைப் பூனைகளின் கண்கள்தான் முதலில் காட்டின. டாரின் இல்லாத உணவில் விழித்திரை சிதைகிறது என்பதை 1975இல் கே. சி. ஹேய்ஸின் குழு வெளியிட்டது. அப்படிப் போன பார்வை திரும்பி வராது. அடுத்தது இதயம். 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பயன் (Paul Pion) என்ற விலங்கு மருத்துவரும் சகாக்களும், இதயத்தசை மெலிந்து அறை வீங்கும் நோயால் துவண்ட பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைவாக இருப்பதைக் கண்டு, டாரின் கொடுத்துப் பார்த்தார்கள். இதயம் தேறியது. இதில் உறைக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பூனைகள் தின்றது வீட்டுச் சோறு அல்ல, அன்றைய தரவிதிகளுக்கு உட்பட்டுக் கடையில் விற்ற பூனை உணவு. அதன்பிறகுதான் தரங்களை உயர்த்தினார்கள். அமெரிக்கத் தீவனத் தரத்தின்படி இன்று உலர் உணவில் குறைந்தது 0.1 விழுக்காடும், டின் உணவில், ஈரப்பதத்தைக் கழித்துக் கணக்கிட்டால், 0.2 விழுக்காடும் டாரின் இருக்க வேண்டும். டின்னுக்கு ஏன் இரட்டிப்பு என்றால், டின்னில் அடைத்துச் சூடாக்கும்போது உணவில் நடக்கும் மாற்றங்கள் குடல் நுண்ணுயிர்களுக்குச் சாதகமாகி, டாரின் இழப்பு கூடுகிறது.

பருப்பு, அரிசி, காய்கறி எதிலும் டாரின் ஏறக்குறைய இல்லவே இல்லை. பாலில் இருப்பது சொற்பம். சிப்பி, மட்டி, கோழித்தொடை, இதயம் போன்றவற்றில் நிறைய. நமக்கு இது பிரச்சினை இல்லை, ஏனென்றால் நம் உடல் மெத்தியோனினிலிருந்து செய்துகொள்ளும். சைவர்கள் காலங்காலமாக நல்ல கண்ணோடு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் பருப்புச் சாதத்தில் புரதம் இருக்கிறது என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. அந்தப் புரதத்திலிருந்து டாரின் செய்யும் திறமை உங்களுக்கு இருக்கிறது, பூனைக்கு இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தின் விஷயத்தில் உங்கள் பருப்புக்கு நான் சாட்சி சொல்வேன். புரதம் எரியும்போது அமோனியா கழிவாக வரும், அது நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. யூரியா சுழற்சி எனப்படும் அந்த வேலை ஓட ஆர்னிதின் என்ற பொருள் வேண்டும், ஆர்னிதினுக்கு ஆர்ஜினின் வேண்டும். நம் குடல் மற்ற அமினோ அமிலங்களிலிருந்து இதற்கான முன்பொருளைச் செய்து சிறுநீரகத்துக்கு அனுப்பும், அங்கே ஆர்ஜினின் தயாராகும். பூனைக் குடலில் இந்த வேலை மிகக் குறைவு. 1978இல் மாரிஸ், ராஜர்ஸ் இருவரும் இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பூனைகளுக்கு ஆர்ஜினின் மட்டும் இல்லாத உணவை ஒரே ஒருவேளை கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அமோனியா ஏறி, வாந்தியும் உமிழ்நீர் ஒழுக்கும் மயக்கமுமாகப் பூனைகள் சாய்ந்தன. ஒருவேளைச் சாப்பாட்டில் ஒரு சத்து குறைந்ததற்கு இப்படி ஓர் உடனடித் தண்டனையை வேறு விலங்குகளில் காண்பது அரிது. ஆனால் இது ஆய்வகத்தில் கலந்த உணவில் நடந்தது. பருப்பு வகைகளில் ஆர்ஜினின் நிறையவே உண்டு, ஆகவே இந்த ஒரு கணக்கில் உங்கள் பூனை தப்பிக்கும்.

மகள் கேட்ட ‘நாயும் நாமும் சமாளிக்கிறோமே’ என்பதற்கு விடை இதற்குள்ளேயே வந்துவிட்டது. நாய்க்கு டிரிப்டோஃபேனிலிருந்து நியாசின் வரும், சிஸ்டீனிலிருந்து டாரினும் வரும். தானியம் கலந்த உணவில் அது பிழைத்துக்கொள்ளும். பூனையின் முன்னோர்கள் எலி, பறவை போன்ற சிறு விலங்குகளையே தின்று வாழ்ந்தவை. அந்த இறைச்சியிலேயே நியாசினும் டாரினும் ஆயத்தமாக இருந்ததால், தானே செய்யும் திறன் மங்கியபோதும் எந்தப் பூனையும் நஷ்டப்படவில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. புரதம் குறைந்தால் நம் கல்லீரல் அமினோ அமிலங்களை எரிக்கும் நொதிகளை வெகுவாகக் கட்டுப்படுத்திச் சிக்கனம் பிடிக்கும், பூனையின் கல்லீரலுக்கு அந்த நெகிழ்வு குறைவு. சர்க்கரைக்காகவும் அது அமினோ அமிலங்களை எரித்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த நாயின் உணவில் உலர் எடையில் 18 விழுக்காடு புரதம் போதும் என்று விதிக்கும் அதே அமெரிக்கத் தரம், பூனைக்கு 26 விழுக்காடு கேட்பது இதனால்தான்.

கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை, நம் ஊரோடு அதற்குத் தொடர்பு இருப்பதால். லிம் சூ காங் பண்ணைகளில் முட்டையிடும் கோழிகளும் சோயாவும் மக்காச்சோளமும் சேர்ந்த தீவனத்தில்தான் வளர்கின்றன. கோழி டாரினைத் தானே செய்துகொள்ளும். ஆனால் அதற்கு யூரியா சுழற்சி முழுமையாக இல்லை, ஆகவே ஆர்ஜினின் உணவில் வந்தே தீர வேண்டும். கழிவை அது யூரிக் அமிலமாக வெளியேற்றுகிறது. ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறும் ஒரு கிளைசினை விழுங்குகிறது. அதனால் நமக்கு ‘தேவையில்லை’ என்று ஒதுக்கப்பட்ட கிளைசின் குஞ்சுகளுக்குப் பற்றாக்குறை ஆகிவிடும். இருப்பதிலேயே முதலில் போதாமல் போவது மெத்தியோனின். இறகுக்குக் கந்தகம் வேண்டும், முட்டைக்கு வேண்டும், அதற்கு மேல் உடல் முழுக்க மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) வழங்கும் வேலையும் மெத்தியோனினுடையது. கோலின், கிரியேட்டின், கார்னிடின், அட்ரினலின் எல்லாம் செய்ய அந்த மெத்தில் தொகுதி தேவை.

சோயாவில் போதாத மெத்தியோனினை ஆலையில் செய்து சேர்க்கிறார்கள். அப்படிச் செய்யும் உலகின் பெரிய ஆலைகளில் ஒன்று இங்கே ஜூரோங் தீவில் இருக்கிறது. எவோனிக் நிறுவனம் 2014இல் ஆண்டுக்கு 150,000 டன் திறனோடு திறந்தது, 2019இல் அதே அளவில் இரண்டாவது ஆலையையும் சேர்த்தது. பெட்ரோலிய வழிப்பொருள்களிலிருந்து தொடங்கிக் கோழித்தீவனத்தில் முடியும் பயணம். ஆலையில் உருவாகும்போது வலக்கை, இடக்கை போன்ற இரண்டு வடிவங்களும் பாதிக்குப் பாதி கலந்து வரும். இயற்கைப் புரதத்தில் ஒரு வடிவம்தான் இருக்கிறது. மற்றதைக் கோழியே தன் நொதிகளால் திருப்பிப் போட்டுப் பயன்படுத்திக்கொள்ளும். காலைத் தோசைக்கு உடைக்கும் முட்டையில் ஜூரோங் தீவின் கந்தகம் கொஞ்சம் இருக்கலாம் என்று சொன்னால் உங்கள் மகள் சிரிப்பாள், ஆனால் வேதியியல்படி அதில் தப்பில்லை.

அவளுக்காக இன்னும் இரண்டு செய்திகள். ரத்தம் சிவப்பாக இருக்கக் காரணமான ஹீம் மூலக்கூறில் உள்ள நான்கு நைட்ரஜன்களும் கிளைசினிலிருந்து வருபவை. ஒரு ஹீம் செய்ய எட்டு கிளைசின் வேண்டும். இதைக் கண்டறிந்த டேவிட் ஷெமின் 1940களில் கனமான நைட்ரஜன் அடையாளமிட்ட கிளைசினை 66 கிராம் தானே விழுங்கி, தன் ரத்தத்தையே எடுத்தெடுத்துச் சோதித்தார். மனித ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய நான்கு மாதம் வாழ்கிறது என்பதும் அந்தச் சோதனையில் தெரியவந்தது. இன்னொன்று, உங்கள் பூனை கறுப்பு என்றால் அதன் ரோமத்தை வெயிலில் பாருங்கள். கருமை நிறமி டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது, டைரோசின் ஃபினைல்அலனினிலிருந்து வருகிறது. இவை இரண்டும் உணவில் போதாதபோது கறுப்புப் பூனையின் ரோமம் செம்பழுப்பாக வளரும். உடம்பு வளர்ச்சிக்குப் போதுமான அளவு இருந்தும் ரோமக் கருமைக்குப் போதாமல் போகலாம். வெயிலில் வெளிறுவதாலும் ரோமம் பழுப்பாகும், ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இப்போது என்ன செய்வது? நேராகச் சொல்கிறேன்: பருப்புச் சாதத்தை நிறுத்துங்கள். வீட்டுச் சமையலில் சாம்பார் கலந்து கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுவை உடைப்பவை. அதைத் தடுக்க வேண்டிய குளூட்டாதயோன் சிஸ்டீன், கிளைசின், குளூட்டமேட் மூன்றும் சேர்ந்து செய்யப்படுவது. பூனையின் ஹீமோகுளோபின் எளிதில் கெடும் தன்மையுள்ளதால் அந்தக் காவல் அங்கே போதாது.

தேக்கா சந்தைக்குப் போய் மீனும் கோழியும் வாங்கிச் சமைக்கச் சொல்லி உங்களை நான் சங்கடப்படுத்தப் போவதில்லை. சமைப்பவர்களுக்கே அதில் ஒரு வழுக்கல் உண்டு, டாரின் நீரில் கரையும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையை மட்டும் வைத்தால் பாதி பயன் போய்விடும். வயதுக்கேற்ற ‘முழுமையான, சமச்சீரான’ உணவு என்று அச்சிட்ட பூனை உணவை வாங்கித் தட்டில் கொட்டுங்கள், கையால் இறைச்சியைத் தொட வேண்டியதில்லை. ‘கூடுதல் உணவு’ அல்லது ‘தின்பண்டம்’ என்று போட்டிருந்தால் அது அன்றாடச் சாப்பாட்டுக்கு ஆகாது. இங்கே கடைகளில் அழகான சிறு டின்களில் விற்பவை பல இந்த ரகம், சிறிய எழுத்தைப் படித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

மனம் அதற்கும் ஒப்பவில்லை என்றால், ஆலையில் தயாரான டாரின், நியாசின், மெத்தியோனின் சேர்த்த தாவர வழிப் பூனை உணவுகளும் சந்தையில் இருக்கின்றன. வேதியியல் கோணத்தில் அது முடியாத காரியம் அல்ல. ஆலையில் செய்த டாரினும் டாரின்தான், மகளின் வாதம் இந்த இடத்தில் வென்றுவிடுகிறது. ஆனால் டாரினை மட்டும் சேர்த்தால் போதாது. கேரட்டின் பீட்டா கரோட்டினைப் பூனையால் வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது. அராக்கிடோனிக் என்ற கொழுப்பு அமிலத்தையும் தேவையான அளவுக்குச் செய்துகொள்ளாது. இவற்றையெல்லாம் ஈடுகட்டியிருக்கிறார்களா என்று டப்பாவில் பார்க்க வேண்டும். தாவர உணவு சிறுநீரைக் காரத்தன்மை (அமிலத்தன்மைக்கு எதிரானது) உள்ளதாக்கி, ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் படிகம் சேர வழி செய்யலாம். எனவே அந்த வழியில் போவதானால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, குறித்த இடைவெளியில் சிறுநீரும் ரத்த டாரினும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், குட்டிக்கும் சினைப்பூனைக்கும் அந்தச் சோதனை வேண்டாம் என்பேன்.

இதுவரை எத்தனை மாதம் பருப்புச் சாதம் தின்றது என்று நீங்கள் எழுதவில்லை. சில மாதங்களுக்கு மேல் என்றால், அடுத்த முறை போகும்போது விழித்திரையையும் இதயத்தையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதயம் தளர்ந்திருந்தாலும் டாரின் கொடுத்தால் தேறும் வாய்ப்பு உண்டு. விழித்திரையில் பாதிப்பு தொடங்கியிருந்தால் இழந்தது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம்.